கூகுளில் கடை தெரிய வேண்டுமா? முதலில் பதில் எழுதுங்கள்

பாரம்பரிய அரிசி விற்கும் ஒரு சிறு கடைக்கு இணையதளம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முகப்பில் 'தரமே எங்கள் தாரக மந்திரம்' என்று ஒரு வரி. உள்ளே மாப்பிள்ளைச் சம்பா, கருப்பு கவுனி, பூங்கார் என்று பெயர், படம், விலை. மாதங்கள் ஓடியும் கூகுளில் தேடுபவர் யார் கண்ணிலும் அந்தத் தளம் படுவதில்லை. இந்த நேரம் பார்த்து, 'எஸ்.இ.ஓ. செய்து முதல் இடத்தில் நிறுத்துகிறோம்' என்று யாராவது போனில் பேசுவார்.

பணம் கொடுக்கும் முன் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். விளம்பரம் என்று குறித்துக் காட்டும் இடங்களைத் தவிர, தேடல் முடிவில் வேறு எந்த இடத்தையும் கூகுள் விற்பதில்லை. முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்பதையும் அந்த நிறுவனமே சொல்லியிருக்கிறது. மற்றபடி, எஸ்.இ.ஓ. எனப்படும், ஒரு பக்கத்தைத் தேடலில் மேலே கொண்டுவரும் வேலையில் பெரும்பகுதி எழுத்து வேலைதான். அதைக் கடைக்காரரே செய்யலாம், ஏனென்றால் எழுத வேண்டியது அவருக்கு நன்றாகத் தெரிந்ததைப் பற்றி.

தேடுபொறி எப்படிப் படிக்கிறது?

கூகுள்பாட் என்ற நிரல், ஒரு லிங்கிலிருந்து அடுத்த லிங்குக்கு என்று இணையப் பக்கங்களைப் படித்துக்கொண்டே போகிறது. படித்ததை, புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவு போல ஒரு பெரிய அட்டவணையில் சேர்த்து வைக்கிறது. நாம் தேடும்போது அந்த அட்டவணையில்தான் தேடல் நடக்கிறது. பொருந்தும் பக்கங்களில் எது முதலில், எது அடுத்து என்று வரிசைப்படுத்துவது கடைசிக் கட்டம்.

இதில் தமிழ்த் தளங்கள் அடிக்கடி இடறும் இடங்கள் இரண்டு. எல்லா விவரத்தையும் அழகான போஸ்டராக வடிவமைத்துப் படமாகப் போட்டுவிடுவது ஒன்று. படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பி ஒரு பக்கம் மேலே வர முடியாது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கட்டுரையை அப்படியே ஏற்றுவது இன்னொன்று. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். யூனிகோடுக்கு மாற்றாதவரை, எவ்வளவு நல்ல கட்டுரையானாலும் தேடுபொறிக்கு அது தமிழே இல்லை.

தரம் எப்படி முக்கியமானது?

தொடக்க காலத் தேடுபொறிகள் பெரும்பாலும் பக்கத்தில் இருந்த சொற்களை வைத்தே முடிவெடுத்தன. உடனே ஒரே சொல்லை நூறு முறை எழுதினார்கள். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒளித்தும் வைத்தார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களான லாரி பேஜும் செர்கே பிரின்னும் வேறு வழி கண்டார்கள். ஒரு பக்கத்துக்கு யார் யார் லிங்க் கொடுக்கிறார்கள், அவர்கள் எவ்வளவு முக்கியமானவர்கள் என்று பார்க்கும் முறை அது. 1998இல் கூகுள் பிறந்தது இந்த அடித்தளத்தில். சிறிது காலத்தில் லிங்குகளும் விலைக்கு வந்தன.

அதன் பிறகு நடந்ததெல்லாம் ஏமாற்றுபவர்களைக் கூகுள் துரத்திய கதைதான். 2006 பிப்ரவரியில் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் ஜெர்மன் தளத்தையே கூகுள் தன் தேடலிலிருந்து நீக்கியது. தேடுபொறிக்கு ஒரு பக்கம், வாசகருக்கு வேறு பக்கம் என்று காட்டியதுதான் குற்றம். 2011 பிப்ரவரியில் கூகுளின் வரிசைமுறையில் வந்த 'பாண்டா' மாற்றம், சாரமில்லாத கட்டுரைகளை ஆயிரக்கணக்கில் உற்பத்தி செய்த தளங்களைக் கீழே தள்ளியது. அமெரிக்கத் தேடல்களில் ஏறக்குறைய 12 சதவீதத்தின் முடிவுகளை அது பாதித்தது. 2012 ஏப்ரலில் 'பெங்குவின்', விலைக்கு வாங்கிய லிங்குகள் பக்கம் திரும்பியது. தேடுபொறிக்காக எழுதப்பட்டவற்றைப் பின்னுக்குத் தள்ளி மனிதருக்காக எழுதப்பட்டவற்றை முன்னே கொண்டுவரும் ஏற்பாடு 2022 ஆகஸ்டில் தொடங்கியது. 2024 மார்ச்சில் அது கூகுளின் மைய வரிசைமுறையிலேயே கலந்துவிட்டது. தரவரிசைக்காக மட்டும் மலை மலையாகப் பக்கங்களைக் குவிப்பது, ஏஐ எழுதினாலும் ஆள் எழுதினாலும், விதிமீறல் என்ற அறிவிப்பும் அதே மாதம் வந்தது.

தமிழுக்கு முக்கியமான மாற்றம் 2019 டிசம்பரில் நடந்தது. தேடும் வாக்கியத்தின் பொருளைச் சேர்த்துப் புரிந்துகொள்ள உதவும் 'பெர்ட்' தொழில்நுட்பம் அப்போது தமிழ் உட்பட 70க்கும் மேற்பட்ட மொழிகளுக்கு வந்தது. ஒரே தேடுசொல்லை (கீவேர்டு) பத்திக்குப் பத்தி திணிக்கும் பழக்கத்துக்கு மிச்சமிருந்த காரணமும் அதோடு போய்விட்டது.

எதை எழுதுவது?

நம் அரிசிக் கடைக்குத் திரும்புவோம். 'அரிசி' என்ற ஒற்றைச் சொல்லில் பெரிய நிறுவனங்களோடு அந்தக் கடை மோத முடியாது, மோதவும் தேவையில்லை. கருப்பு கவுனி வாங்கியவர்கள் போனிலும் வாட்ஸ்ஆப்பிலும் என்ன கேட்கிறார்கள்? எவ்வளவு நேரம் ஊற வைக்க வேண்டும்? கழுவும்போது தண்ணீர் ஏன் ஊதாவாகிறது, சாயம் போட்டதா? குக்கரில் எத்தனை விசில்? இட்லிக்கு அரைக்கலாமா? செட்டிநாட்டுக் கவுனி இனிப்புக்கு எவ்வளவு சர்க்கரை? இவற்றைக் கடைக்காரரிடம் கேட்பவர் ஒருவர் என்றால், கூகுளில் கேட்பவர்கள் இன்னும் பலர். ஒவ்வொரு கேள்விக்கும் முழுமையான பதில்தான் நல்ல உள்ளடக்கம்.

'முழுமையான' என்றால் நீளமான என்று பொருளல்ல. இத்தனை சொற்கள் இருந்தால்தான் மேலே வரும் என்ற கணக்கு எதுவும் கூகுளிடம் இல்லை. ஊறும் நேரம் கேட்டவருக்கு, 'இரவு முழுக்க ஊற விடுங்கள், ஊறிய தண்ணீரோடே வேக வையுங்கள்' என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும். அரிசியின் வரலாறு, பெயர்க்காரணம் எல்லாம் வேண்டுமானால் பின்னால் வரட்டும்.

அடுத்தது, உங்களிடம் மட்டும் இருக்கும் விவரம். எந்த ஊர் வயலில் விளைந்தது, எந்த மாதம் அறுவடை, புது அரிசிக்கும் பழைய அரிசிக்கும் தண்ணீர் அளவு எப்படி மாறுகிறது, உங்கள் வீட்டு அடுப்பில் வெந்த சோறு படத்தில் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் வேறு தளத்தில் கிடைக்காது. தேடல் முடிவுகளை மதிப்பிடுபவர்களுக்கான கூகுளின் வழிகாட்டி, அறிவு, நற்பெயர், நம்பகத்தன்மை ஆகிய அளவுகோல்களோடு நேரடி அனுபவத்தையும் 2022 டிசம்பரில் சேர்த்துக்கொண்டது. நான்கில் நம்பகத்தன்மைக்கே முதலிடம் தருகிறது. அடுத்த தளத்திலிருந்து பத்தியைத் தூக்கிப் போட்டால் இதில் ஒன்றும் தேறாது. ஒரே மாதிரிப் பக்கங்களில் ஒன்றை மட்டும் காட்டி மற்றவற்றை ஒதுக்குவது கூகுளின் வழக்கம்.

உடல்நலம், பணம் பற்றிய பக்கங்களுக்கு அளவுகோல் இன்னும் கடுமை. 'சர்க்கரை நோயைக் குணமாக்கும் அரிசி' என்று எழுதுவது வாசகருக்கும் கேடு, தளத்துக்கும் கேடு.

எப்படி அமைப்பது?

பக்கத்தின் டைட்டில், உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். 'எங்கள் தயாரிப்புகள்' என்பதைவிட 'கருப்பு கவுனி அரிசி: ஊற வைப்பது, வேக வைப்பது' மேல். மக்கள் 'கவுனி', 'கவுணி', 'பிளாக் ரைஸ்' என்று பலவிதமாகத் தேடுவார்கள். அந்தப் பெயர்கள் ஒரே பக்கத்தில் இயல்பாக வந்தால் போதும். பெயருக்கு ஒரு பக்கம், ஊருக்கு ஒரு பக்கம் என்று நகல் எடுத்தால் அது விதிமீறல். பக்கத்தின் தேடுசொற்களைக் கேட்கும் மெட்டா கீவேர்டு பெட்டியை நிரப்பவும் மெனக்கெட வேண்டாம். வரிசைப்படுத்த அதைப் பார்ப்பதில்லை என்று 2009இலேயே கூகுள் சொல்லிவிட்டது. தொடர்புள்ள பக்கங்களுக்குள் லிங்க் கொடுங்கள். படத்துக்கு ஒரு வரி விளக்கம் சேருங்கள். எழுதியவர் யார் என்று போடுங்கள்.

சர்ச் கன்சோல் என்ற கூகுள் கருவி இலவசம். எந்தச் சொல்லைத் தேடியவர்களுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று அதில் பார்க்கலாம். பலருக்குக் காட்டியும் சிலரே வந்தால் முதலில் டைட்டிலைச் சரிபாருங்கள். நீங்கள் எழுதவே எழுதாத கேள்விக்கு உங்கள் பக்கம் தலைகாட்டினால், அடுத்த கட்டுரைக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது. ஆனால் பொறுமை வேண்டும். மாற்றங்களின் பலன் தெரியச் சில மணி நேரமும் ஆகலாம், பல மாதங்களும் ஆகலாம்.

இப்போது பொதுவான பல கேள்விகளுக்கு ஏஐ எழுதிய சுருக்கத்தைத் தேடல் பக்கத்தின் உச்சியிலேயே கூகுள் காட்டிவிடுகிறது. எல்லோரும் எழுதியதையே நாமும் எழுதினால், அதைப் படிக்க யாரும் நம் தளம்வரை வர வேண்டியதில்லை. ஆகவே இந்த வாரம் வாடிக்கையாளர் கேட்ட ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் போனில் என்ன பதில் சொன்னீர்களோ, அதையே அளவும் படமும் சேர்த்து ஒரு பக்கமாக எழுதுங்கள். எஸ்.இ.ஓ.வுக்குப் பணம் செலவழிப்பதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.