தோட்டா நிரப்பும் பொறியின் தேய்மானம்



துப்பாக்கி வெடித்தபின் எஞ்சும் பித்தளைக் கூட்டினைக் குப்பையென்று எண்ணுதல் இயல்பு. ஆயினும் தோட்டாவின் உறுப்புகளுள் விலை மிகுந்தது அக்கூடே. ஆதலின் அமெரிக்க நாட்டில் வேட்டையாடுவோரும் குறிபார்த்துச் சுடுவோரும் அதனைப் பொறுக்கி வைத்து, வீட்டிலேயே மீண்டும் நிரப்பிக் கொள்கின்றனர். (நம் நாட்டில் உரிமமின்றித் தோட்டா செய்வதை 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தடுக்கின்றது.) அவர்கள் கையாளும் சிறு பொறி எவ்வாறு தேய்கின்றது என்பது, வெளிமாநிலப் பட்டறைகளில் அழுத்துபொறிகளோடு பழகும் நம்மவர்க்கு எளிதில் விளங்கும்.

பொறியின் அமைப்பு எளியது. வார்ப்பிரும்புச் சட்டம் ஒன்று. அதன் உச்சியில் மரையிட்டுப் பொருத்திய அச்சு. கீழே, கைப்பிடியை இழுத்தால் மேலெழும் தண்டு. வெடித்தபோது உப்பிய கூட்டினைத் தண்டு அச்சினுள் செலுத்தி, பழைய அளவுக்கு நெருக்குகின்றது. அவ்வேளையிலேயே கூட்டின் அடியிலுள்ள எரிந்த கேப்பினை அச்சிலுள்ள ஊசி தள்ளிவிடுகின்றது.

இங்கேதான் பகை புகுகின்றது. கேப்போடு சேர்ந்து கரகரப்பான கரித்தூளும் உதிர்கின்றது. அது தண்டின்மேல் படிந்து, எண்ணெயோடு குழைந்து, சாணைக்கல்லில் இடும் பசைபோல் இரும்பை அராவுகின்றது. உழைப்பினால் தேய்வதைவிட இவ்வழுக்கினால் தேய்வதே மிகுதி என்பேன். மேலும், அத்தூளில் ஈயம் கலந்திருப்பதால் ஊதித் துடைத்தல் ஆகாது. ஈரத்துணியால் ஒற்றியெடுத்துக் கை கழுவ வேண்டும்.

தேய்மானம் யாவும் தீங்கன்று. தண்டு பக்கவாட்டில் சற்றே ஆடினால் பலர் கலங்குவர். கூடு அச்சினுள் நுழைந்ததும் அச்சே அதனை நேராக்கிவிடும். இல்லினாய் மாநிலத்தில் செய்யப்படும் ஃபார்ஸ்டர் கோ-ஆக்ஸ் என்னும் பொறியில் அச்சும் கூடும் சிறிது மிதக்குமாறு வேண்டுமென்றே அமைத்துள்ளனர். எரிந்த கேப்பினையும் தூளையும் குழாய் வழியே கீழுள்ள கிண்ணத்தில் சேர்க்கும் ஏற்பாடும் அதில் உண்டு.

அஞ்சத்தக்கது நெம்புகோல் முளைகளின் தேய்வு. முளையின் துளை நீள்வட்டமாகிவிட்டால், தண்டு ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்தில் நில்லாது. கூட்டின் தோள் ஒன்றில் உயர்ந்தும் ஒன்றில் தாழ்ந்தும் அமையும். இதனைச் சரிசெய்ய எண்ணி அச்சினை மேலும் கீழிறக்குவோர் உளர். அப்போது சில கூடுகளின் தோள் அளவுக்கு மீறிப் பின்தள்ளப்படும். அத்தகைய கூடு வெடிக்கும்போது நீண்டு, அடிப்பக்கத்தில் மெலிந்து, சில சுற்றுகளில் அறுந்துபோகலாம். வெளிப்படும் கொதிவாயு சுடுபவர் முகத்தை நோக்கியே பாயக்கூடும். முளையையும் புஷ்ஷையும் மாற்றும் சிறு செலவுக்கு அஞ்சிக் கண்ணைப் பணயம் வைப்பதா?

சட்டமே விரிசல் கண்டால் ஒட்டுப்போடுதல் வீண், புதுப்பொறியே தக்கது. அப்போதும் பழைய அச்சுகள் பெரும்பாலும் வீணாகா. ஏழு-எட்டாம் அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 14 மரையும் பொது அளவாக நிலைத்துவிட்டன. 1943இல் கலிபோர்னியாவின் ஓரோவில் நகரில் ஃப்ரெட் ஹண்டிங்டன் தொடங்கிய ஆர்.சி.பி.எஸ். நிறுவனமும் பிறரும் அவ்வளவிலேயே அச்சுகளைச் செய்து வருகின்றனர்.

ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு தோட்டாவை முடித்துத் தரும் பல்நிலைப் பொறிகளும் உண்டு. மாதம் ஐம்பது தோட்டா நிரப்புவோர் அதனை வாங்குதல், கல்யாண அண்டாவில் இருவர்க்குக் காப்பி போடுவதை ஒக்கும். அதில் பல வேலைகள் ஒருங்கே நடப்பதால், ஒரு கூட்டில் மருந்து இருமுறை விழுந்தாலும் கண்ணுக்குத் தப்பலாம். ஆயிரக்கணக்கில் சுடும் போட்டிக்காரர்க்கே அது ஏற்றது. ஏனையோர்க்கு முளை மாற்றிய பழைய பொறியே போதும்.