வண்டிக் கூரையில் பூத்த பூஞ்சணம்

ஐப்பசி அடைமழை ஓய்ந்து வெயில் சற்றே தலைகாட்டும் நாளில், திருப்பதியில் வண்டிகள் நிறுத்துமிடங்களின் வழியே நடந்தால் ஒரு காட்சியைக் காணலாம். வேன்களின் கதவுகள் யாவும் திறந்து கிடக்கும்; இருக்கை மெத்தைகள் வெயிலில் காயும்; ஓட்டுநர் உள்ளே அண்ணாந்து நின்று கூரைத் துணியைத் துடைத்துக்கொண்டிருப்பார். சித்தூரிலும் திருப்பதியிலும் வாடகை வேன் ஓட்டிப் பிழைக்கும் தமிழன்பர்கள் உண்டு. பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு வந்து வேனிலேயே உறங்கி எழுவோரும் உண்டு. இவர்கள் யாவருக்கும் பொதுவான பகைவன், கூரையின் உட்புறத்தில் கருமையாகவும் பசுமையாகவும் புள்ளி புள்ளியாய்ப் பூக்கும் பூஞ்சணமே.

கூரை ஒழுகுவதால்தான் இது வருகிறது எனப் பலர் கருதுகின்றனர். ஒழுக்கும் ஒரு காரணமே. ஆனால் ஒழுகாத வண்டியிலும் அது பூக்கிறது. ஓர் ஆள் ஓரிரவில் மூச்சின் வழியே வெளிவிடும் ஈரம் ஏறக்குறைய கால் லிட்டர் இருக்கும். எட்டுப் பேர் கண்ணாடிகளை இறுக மூடி உறங்கினால் இரண்டு லிட்டர் நீர் வண்டிக்குள்ளேயே சுழல்கிறது. திருமலையோ ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் உள்ளது. மார்கழிக் குளிரில் தகரக் கூரை சில்லிட்டுப் போக, அந்த ஆவி அதிற்பட்டு நீர்த்துளியாகிறது. துணி அதனைக் குடித்துவிடுகிறது. போதாக்குறைக்கு, புஷ்கரிணியில் நீராடிய ஈரவேட்டியை உள்ளேயே கொடி கட்டி உலர்த்துகிறோம்! காற்றில் எங்கும் மிதக்கும் பூஞ்சண வித்துகளுக்கு வேறென்ன வேண்டும்? ஈரம் ஓரிரு நாள் நிலைத்தாலே போதும், அவை முளைவிடும்.

சென்ற மழைக்காலத்தில் நாமும் ஒரு பிழை செய்தோம். உலர்ந்த தூரிகையால் கூரையைப் பரபரவெனத் தேய்த்தோம். கறை போய்விட்டது, ஆனால் வித்துகள் தூசியாய்ப் பறந்து வண்டியெங்கும் படிந்தன. அன்றிரவு அவ்வண்டியிலேயே பயணம் செய்த நம் வீட்டுச் சிறுவன் விடியும்வரை இழுப்பால் துன்புற்றான். மருத்துவரிடம் சென்ற பின்னரே, எதனால் வந்த வினை என்பது விளங்கிற்று.

ஆகவே, முதலில் மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடிக்கொள்க. கதவுகள் அனைத்தையும் திறந்து வைக்க. வெதுவெதுப்பான நீரில் சிறிது சோப்புத்தூளைக் கரைத்து, துணியை நனைத்து நன்கு பிழிந்து, தேய்க்காமல் ஒற்றி ஒற்றித் துடைக்க வேண்டும். கூரைத் துணி பசையால் ஒட்டப்பட்டது. நீர் மிகுந்தால் பசை விட்டுத் துணி தொங்கிவிடும். பின்னர் வெள்ளை வினிகரை மெல்லத் தெளித்து ஒரு மணி நேரம் விட்டு மீண்டும் துடைக்கலாம். அது பூஞ்சணத்தில் எல்லா வகையையும் கொல்லாது. எனினும் பலவற்றை அடக்கும். இறுதியாக நடுப்பகல் வெயிலில் வண்டியைத் திறந்தபடி நிறுத்தி, துணி முற்றும் உலரும்வரை பொறுத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு மூடினால் உழைப்பெல்லாம் வீண்.

பிளீச்சிங் பவுடரைக் கரைத்து அடிப்போரும் உளர். அது துணியின் நிறத்தைக் கெடுக்கும். உள்ளே ஊறிய வேரை எட்டாது. வினிகரோடு அதனைக் கலத்தல் கூடவே கூடாது. குளோரின் என்னும் நச்சுவாயு எழும். வேன் போன்ற சிறிய இடத்தில் அது உயிருக்கே தீங்காகும்.

துணிக்குப் பின்னுள்ள பஞ்சுக்குள் கறை இறங்கிவிட்டால் துடைப்பதாற் பயனில்லை. பிரித்தெடுத்துப் புதிது போடுவதே வழி. செலவுதான், என் செய்வது! அதற்குமுன் மேற்கூரையில் சாமான் தட்டு முடுக்கிய ஆணித் துளைகளையும் ஜன்னல் ரப்பரையும் பார்த்து ஒழுக்கை அடைத்துவிட வேண்டும்.

பழைய வண்டி வாங்குவோர்க்கும் ஒரு சொல். 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் திருப்பதியின் தெருக்கள் வெள்ளக்காடாயின. வண்டிகள் பல நீரில் நின்றன. இத்தகைய வண்டிக்குப் புதுத் துணி ஒட்டி விற்பது எளிது. ஆகையால் வெயிலில் ஒரு மணி நேரம் மூடி வைத்த வண்டியின் கதவைத் திறந்தவுடன் முகர்ந்து பாருங்கள். நனைந்த மண்ணும் பழந்துணியும் கலந்தாற்போன்ற வாடை வந்தால், விளக்குப் பொருத்திய இடத்தைக் கழற்றித் துணியின் பின்புறத்தைக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இரவில் வண்டியில் உறங்குவோர் எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டை இரு விரற்கடை திறந்து வைத்தல் போதும். ஈரவேட்டி வெளியே உலரட்டும்.