ஈமு கோழி வளர்ப்பு மோசடி

ஈமு கோழி வளர்ப்பு மோசடி என்பது தமிழ்நாட்டின் கொங்கு மண்டலத்தில், ஈமு பறவைகளை வளர்த்தால் மாதந்தோறும் நிலையான வருமானம் கிடைக்கும் எனக் கூறிப் பொதுமக்களிடம் வைப்புத்தொகை திரட்டி, பின்னர் அதனைத் திருப்பித் தராத நிறுவனங்களின் செயலைக் குறிக்கும். ஈரோடு மாவட்டம் பெருந்துறையை மையமாகக் கொண்டு இயங்கிய இந்நிறுவனங்கள் 2012 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அடுத்தடுத்து முடங்கின. இவற்றுள் பரவலாக அறியப்பட்டது சுசி ஈமு ஃபார்ம்ஸ் என்ற நிறுவனம் ஆகும். விவசாயிகள், சிறு வணிகர்கள், ஓய்வு பெற்றோர் என ஆயிரக்கணக்கானோர் இதில் பணம் இழந்தனர். பொருளியல் நோக்கில் இது பொன்சித் திட்டம் என்னும் மோசடி வகையைச் சார்ந்தது.

ஈமு பறவை

ஈமு ஆத்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட, பறக்க இயலாத பறவையாகும். உயரத்தில் தீக்கோழிக்கு அடுத்த இடத்தில் உள்ளது. வளர்ந்த பறவை ஏறத்தாழ 1.5 முதல் 1.9 மீட்டர் உயரமும், பெரும்பாலும் 30 முதல் 45 கிலோகிராம் எடையும் கொண்டிருக்கும். பேச்சு வழக்கில் ஈமு கோழி எனப்பட்டாலும் இது கோழி இனத்தைச் சேர்ந்ததன்று. கோழி வளர்ப்பில் பழகிய மக்களுக்கு அறிமுகமில்லாத இப்பறவையை அறிமுகமானதாகத் தோன்றச் செய்ததில் இப்பெயருக்கும் பங்கு உண்டு.

முதலீட்டாளர் கவனிக்க வேண்டிய உயிரியல் செய்தி ஒன்று உள்ளது. ஈமு முட்டையிடத் தொடங்க ஏறத்தாழ 18 முதல் 24 மாதங்கள் ஆகும். அதன் பின்னரும் ஆண்டு முழுவதும் முட்டையிடுவதில்லை. குளிர்காலத்தை ஒட்டிய பருவத்தில் மட்டுமே கரும்பச்சை நிற முட்டைகளை இடும். எனவே முதல் இரண்டு ஆண்டுகளில் ஈமுவிடமிருந்து குறிப்பிடத்தக்க வருமானம் எதுவும் கிடைக்காது. தீவனச் செலவு மட்டுமே இருக்கும்.

ஆத்திரேலியாவில் 1980களின் பிற்பகுதியில் இறைச்சி, எண்ணெய், தோல் ஆகியவற்றுக்காக வணிக முறையிலான ஈமு வளர்ப்பு தொடங்கியது. இந்தியாவில் 1990களின் பிற்பகுதியில் ஆந்திரப் பிரதேசம் வழியாக அறிமுகமாகி, பின்னர் பிற மாநிலங்களுக்கும் பரவியது.

பின்னணி

நாமக்கல் மாவட்டம் உள்ளிட்ட கொங்கு மண்டலம் கோழிப்பண்ணைத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. நாமக்கல் முட்டை உற்பத்தியிலும், கோவை, ஈரோடு, திருப்பூர் பகுதிகள் கறிக்கோழி உற்பத்தியிலும் முன்னணியில் உள்ளன. கறிக்கோழித் தொழிலில் ஒப்பந்தப் பண்ணை முறை நிலவுகிறது. இம்முறையில் நிறுவனம் குஞ்சு, தீவனம், மருந்து ஆகியவற்றை வழங்கும். விவசாயி கொட்டகையையும் உழைப்பையும் அளிப்பார். ஏறத்தாழ ஆறு வாரங்களில் வளர்ந்த கோழிகளை எடை போட்டு எடுத்துக்கொண்டு, நிறுவனம் வளர்ப்புக் கூலி கொடுக்கும்.

ஈமு நிறுவனங்கள் இதே முறையின் தோற்றத்தை மேற்கொண்டன. குஞ்சும் தீவனமும் நிறுவனமே தரும், பறவையை நிறுவனமே திரும்பப் பெற்றுக்கொள்ளும் என்பன விவசாயிகளுக்குப் பழகிய சொற்கள். ஆனால் அடிப்படையில் ஒரு வேறுபாடு இருந்தது. கறிக்கோழி நிறுவனம் கோழியைச் சந்தையில் விற்று, அந்தப் பணத்திலிருந்து விவசாயிக்குக் கூலி கொடுக்கிறது. ஈமு நிறுவனமோ விவசாயியிடம் முதலில் பெருந்தொகையை வைப்பாகப் பெற்று, அதிலிருந்தே அவருக்கு மாத ஊதியம் கொடுத்தது.

திட்டங்களின் அமைப்பு

சுசி நிறுவனம் அறிவித்த திட்டங்களுள் இரண்டு முதன்மையானவை.

முதல் திட்டத்தில், 1,50,000 ரூபாய் செலுத்துவோருக்கு ஆறு ஈமு குஞ்சுகள் வழங்கப்படும். கொட்டகையும் தீவனமும் நிறுவனத்தின் பொறுப்பு. பராமரிப்புக்காக மாதம் 6,000 ரூபாயும், ஆண்டுக்கு 20,000 ரூபாய் ஊக்கத்தொகையும் கிடைக்கும். இரண்டு ஆண்டு முடிவில் செலுத்திய தொகை திருப்பித் தரப்படும்.

இரண்டாவது திட்டத்தில், நிலமோ இடமோ இல்லாதோர் பணத்தை மட்டும் செலுத்தினால் போதும். பறவைகளை நிறுவனமே வளர்க்கும். இவர்களுக்கு மாதம் 7,000 ரூபாயும் ஆண்டு ஊக்கத்தொகையும் அறிவிக்கப்பட்டன. பறவையை வளர்ப்பவரை விட வளர்க்காதவருக்கு அதிகப் பணம் என்பது இத்திட்டத்தின் முரண்பாடு ஆகும். ஒருவர் உழைப்புக்கு மதிப்பே இல்லாத தொழிலில், நிறுவனத்துக்குத் தேவைப்பட்டது வைப்புத்தொகை மட்டுமே என்பதை இது காட்டுகிறது.

நாளிதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் பெரும் விளம்பரங்கள் வெளியாயின. திரைப்பட நடிகர்களும் இவற்றில் தோன்றினர். தொடக்கத்தில் சேர்ந்தவர்களுக்கு மாதத் தொகை தவறாமல் கிடைத்தது. அதனைக் கண்ட உறவினரும் அண்டை வீட்டாரும் சேர்ந்தனர். சிலர் நகைகளை அடகு வைத்தும், கடன் வாங்கியும் பணம் செலுத்தினர்.

கணக்கு

முதல் திட்டத்தின் கணக்கைப் பள்ளிக் கணிதத்தைக் கொண்டே சோதிக்கலாம். ஒரு முதலீட்டாளருக்கு இரண்டு ஆண்டுகளில் நிறுவனம் தர வேண்டியவை:

மாதத் தொகை: 6,000 × 24 = 1,44,000 ரூபாய்
ஊக்கத்தொகை: 20,000 × 2 = 40,000 ரூபாய்
வைப்புத்தொகை: 1,50,000 ரூபாய்
மொத்தம்: 3,34,000 ரூபாய்

பெற்ற தொகை 1,50,000 ரூபாய். எனவே ஆறு பறவைகளும் சேர்ந்து 1,84,000 ரூபாய், அதாவது ஒரு பறவை 30,000 ரூபாய்க்கும் மேல் நிகர இலாபம் ஈட்டியிருக்க வேண்டும். குஞ்சு, கொட்டகை, தீவனம், விளம்பரம் ஆகியவற்றின் செலவுகள் இதில் சேரவில்லை. மேலே கூறியவாறு, இதே இரண்டு ஆண்டுகளில் பறவை முட்டையிடும் பருவத்தையே அப்போதுதான் எட்டும்.

பறவைகளுக்காக நிறுவனம் ஒரு ரூபாய்கூடச் செலவிடவில்லை எனக் கொண்டாலும், 21 மாதங்களில் 1,46,000 ரூபாய் கொடுக்கப்பட்டுவிடும். 22 ஆம் மாதத் தொகையை முழுதாகக் கொடுக்க முதலீட்டாளரின் பணம் போதாது. அதன் பின்னர் அவருக்குக் கொடுக்கப்படுவது வேறொருவரின் பணம். ஒருவரின் கணக்கை முடிக்க அவருடைய பணத்துக்கு மேல் புதிதாக ஒருவருக்கும் மேற்பட்டோர் சேர வேண்டும். அவ்வாறு சேர்ந்தோரின் கணக்கை முடிக்க மேலும் பலர் சேர வேண்டும். ஆட்கள் சேருவது குறைந்தவுடன் திட்டம் சரிகிறது.

1920 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாசுடன் நகரில், அஞ்சல் பதில் கூப்பன் வணிகம் என்ற பெயரில் 45 நாட்களில் 50 விழுக்காடு இலாபம் தருவதாகக் கூறிய சார்லசு பொன்சி என்பவரின் பெயரால் இவ்வகை மோசடி அழைக்கப்படுகிறது.

சந்தையின்மை

ஈமு இறைச்சி, எண்ணெய், தோல், இறகு, முட்டை ஓடு என அனைத்தும் விலைபோகும் என விளம்பரங்கள் கூறின. ஆனால் இந்தியாவில் ஈமு இறைச்சியை வாடிக்கையாக உண்போர் மிகக் குறைவு. வளர்ந்த பறவைகளையும் குஞ்சுகளையும் வாங்கியவர்கள் பெரும்பாலும் புதிதாகப் பண்ணை தொடங்குவோரே. அதாவது பண்ணையின் உற்பத்திப் பொருளுக்கு அடுத்த பண்ணையாளரே வாடிக்கையாளர்.

உண்மையான வேளாண் பொருளுடன் ஒப்பிட்டால் இது விளங்கும். நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் உள்ள சோளக்காடு சந்தைக்கு மலைவாழ் விவசாயிகள் வாழை, அன்னாசி, பலா, மிளகு போன்றவற்றைக் கொண்டு வருகின்றனர். விலை ஒரு வாரம் ஏறும், ஒரு வாரம் இறங்கும். ஆனால் அவற்றை உண்பதற்காகவோ உண்போருக்கு விற்பதற்காகவோ வாங்குபவர்கள் அங்கு இருக்கிறார்கள். ஈமுவுக்கு அத்தகைய சந்தை இருக்கவில்லை. விலை ஏறி இறங்கும் பொருளைக் கொண்டு ஏறாத இறங்காத வருமானத்தை உறுதியளிக்க இயலாது என்பதும் இதிலிருந்து பெறப்படும்.

வீழ்ச்சி

2012 ஆகஸ்டில் மாதத் தொகைகள் நின்றன. அலுவலகங்கள் பூட்டப்பட்டன. முதலீட்டாளர்கள் காவல்துறையில் புகார் அளிக்கத் திரண்டனர். வழக்குகளைப் பொருளாதாரக் குற்றப்பிரிவு விசாரித்தது. சுசி நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் உள்ளிட்டோர் கைது செய்யப்பட்டனர்.

தீவனம் வருவது நின்றதால் பண்ணைகளில் பறவைகள் பட்டினி கிடந்தன, பல இறந்தன. பணத்தை இழந்த விவசாயிகளால் தீவனம் வாங்க இயலவில்லை. பறவைகளை விற்கவும் வழியில்லை. இந்நிலையில் தமிழ்நாடு அரசின் கால்நடைப் பராமரிப்புத் துறை பறவைகளுக்குத் தீவனம் அளிக்கும் பணியை மேற்கொண்டது.

சட்ட நடவடிக்கை

1990களில் பல நிதி நிறுவனங்கள் சரிந்ததை அடுத்து, தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் 1997 இல் இயற்றப்பட்டது. 2011 இல் உச்ச நீதிமன்றம் இச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. இச்சட்டப்படி நிறுவனத்தின் சொத்துகளை அரசு முடக்கலாம். பின்னர் சிறப்பு நீதிமன்றத்தின் ஆணைப்படி அவற்றை ஏலம் விட்டு, முதலீட்டாளர்களுக்கு விகிதப்படி பகிர்ந்தளிக்கலாம்.

ஈமு வழக்குகள் கோயம்புத்தூரில் உள்ள சிறப்பு நீதிமன்றத்தில் நடைபெற்றன. சுசி நிறுவனத்தின் நிர்வாக இயக்குநருக்கு 10 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. எனினும் தண்டனை கிடைப்பதும் பணம் கிடைப்பதும் ஒன்றல்ல. பொன்சித் திட்டத்தில் பணத்தின் பெரும்பகுதி முன்னர் சேர்ந்தோருக்கும் விளம்பரத்துக்கும் செலவாகிவிடுவதால், எஞ்சிய சொத்துகளின் மதிப்பு வைப்புத்தொகைக்கு ஈடாவதில்லை.

ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களை நாடு முழுவதும் தடை செய்யும் நடுவண் அரசின் சட்டம் 2019 இல் நிறைவேற்றப்பட்டது.

ஒத்த நிகழ்வுகள்

- தேக்குத் திட்டங்கள்: 1990களில் சென்னையைச் சேர்ந்த அனுபவ் நிறுவனம் தேக்கு மரங்களில் பங்கு என்ற பெயரில் பணம் திரட்டியது, 1998 இல் சரிந்தது. இந்தியப் பங்கு பரிவர்த்தனை வாரியம் 1999 இல் கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கான விதிமுறைகளை வெளியிட்டது.
- அமெரிக்க ஈமு வளர்ப்பு: 1990களின் முற்பகுதியில் இனப்பெருக்க இணைகள் ஆயிரக்கணக்கான டாலர்களுக்கு விற்கப்பட்டன. இறைச்சிச் சந்தை உருவாகாததால் சில ஆண்டுகளில் விலை வீழ்ந்தது; சிலர் பறவைகளை அவிழ்த்து விட்டனர். இது திட்டமிட்ட மோசடி என்பதை விட மிகை எதிர்பார்ப்பின் விளைவு எனலாம்.
- எறும்பு வளர்ப்பு: சீனாவின் இலியாவோனிங் மாகாணத்தில் யிலிசென் என்ற நிறுவனம், 10,000 யுவான் செலுத்துவோருக்கு எறும்புப் பெட்டிகளைக் கொடுத்து, ஏறத்தாழ 14 மாதங்களில் மூன்றில் ஒரு பங்கு இலாபம் தருவதாகக் கூறியது. 2007 இல் அது சரிந்தது.

இனங்காணும் முறை

இவ்வகைத் திட்டங்களில் பறவை, மரம், எறும்பு என்று பொருள் மாறினாலும் அமைப்பு மாறுவதில்லை. பொருளை இறுதியாக வாங்கிப் பயன்படுத்துபவர் யார், புதிய முதலீட்டாளர் ஒருவரும் சேராவிட்டால் மாதத் தொகை எங்கிருந்து வரும், வைப்புத்தொகை பெற நிறுவனத்துக்குச் சட்டப்படி அனுமதி உண்டா என்ற மூன்று வினாக்களுக்கும் விடை கிடைக்காத திட்டம் ஐயத்துக்குரியது. முதல் சில மாதங்கள் பணம் ஒழுங்காக வந்தது என்பது நம்பகத்தன்மைக்குச் சான்றாகாது. பொன்சித் திட்டம் அவ்வாறுதான் தொடங்கும்.

இவற்றையும் பார்க்க

- பொன்சித் திட்டம்
- ஈமு
- ஒப்பந்தப் பண்ணையம்
- கொல்லிமலை