சோதனைக்குழாயைக் கழுவ மட்டுமா நம் பிள்ளைகள்?

அறிவியல் என்றாலே நம் பிள்ளைகளுக்குப் பயம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. ஆசிரியர்கள் சொல்கிறார்கள், பெற்றோரும் நம்பிவிடுகிறார்கள். காலனிகளில் நடக்கும் மாலைநேரப் படிப்பகங்களில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசினால் நமக்குத் தெரியவருவது வேறு. அவர்களுக்குப் பிடிக்காதது மனப்பாடம். கையால் தொட்டு, கண்ணால் பார்த்துச் செய்யும் அறிவியலை அவர்கள் விட்டுக்கொடுப்பதில்லை.

மயில்துத்தத்தைச் சோதனைக்குழாயில் போட்டுச் சூடாக்கினால் நீலம் மறைந்து வெள்ளைத் தூளாகிறது. ஆறிய பின் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் மறுபடியும் நீலம். படிகத்துக்குள் இருந்த நீர் போவதும் வருவதும்தான் அது. இதை ஒருமுறை செய்த பிள்ளைக்கு 'படிகநீர்' என்ற சொல் பிறகு மறப்பதில்லை. மஞ்சள் கறை பட்ட துணியில் சோப்புப் போட்டால் ஏன் சிவக்கிறது என்று வீட்டில் துணி துவைக்கும் பெண் பிள்ளைகள் பலரும் யோசித்திருக்கிறார்கள். மஞ்சள் ஒரு நிறங்காட்டி, சோப்பு காரம் என்று வகுப்பில் தெரியும்போது அவர்கள் முகத்தில் வரும் வெளிச்சம் தனி. தன் வீட்டுக்குள் நடப்பதும் பாடம்தான் என்று தெரிவதில் இருக்கும் மகிழ்ச்சி அது.

இன்னொரு காரணமும் உண்டு. அறிவியல் ஆள் பார்த்துப் பதில் சொல்வதில்லை. குவிலென்ஸை ஊர்த்தெருப் பிள்ளை பிடித்தாலும் காலனிப் பிள்ளை பிடித்தாலும் தூரத்து மரம் திரையில் தலைகீழாகத்தான் விழும். லிட்மஸ் தாள் தெருப்பெயர் கேட்டு நிறம் மாறுவதில்லை. டீக்கடையிலும் கோயில் வாசலிலும் வேறு கணக்கைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு இது சின்ன விஷயமில்லை. ரத்த வகைகளைப் பற்றிய பாடத்தில் பிள்ளைகள் கேள்விமேல் கேள்வி கேட்பதும் இதனால்தான். மனித ரத்தம் வகைகளாகப் பிரிந்திருப்பதை 1901இல் விளக்கிய கார்ல் லேண்ட்ஸ்டெய்னருக்கு 1930இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வகைகளில் ஒன்றுகூடச் சாதியின் பெயரில் இல்லை. ஆபத்தில் கிடப்பவருக்குச் சேரும் ரத்தம் எந்தத் தெருவிலிருந்தும் வரலாம் என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்துச் சொல்லிவிடுகிறார்கள்.

ஒலியைப் பற்றிய பாடத்துக்கு நம் தெருவில் இல்லாத கருவியா? பறையைத் தீயில் காய்ச்சினால் தோலில் உள்ள ஈரம் போகிறது, தோல் இறுகுகிறது, அதிர்வெண் கூடுகிறது, ஒலி கணீரென்று எழுகிறது. ஆவாரம்பட்டையில் உள்ள டானின் தோலின் புரதத்தோடு சேர்ந்து அதை அழுகாமல் காக்கிறது. நம் முன்னோர் கையில் இருந்தது வேதியியல். அதற்கு இழிவு என்று பெயர் வைத்தது சாதி. ஆனால் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதைச் சொல்லும்போது ஒரு பிள்ளையைச் சுட்டிக்காட்டி 'உங்க தொழில்தானே' என்று சொல்லாதீர்கள். அறிவை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக வையுங்கள். தொழிலை ஒரு பிள்ளையின் தலையில் மறுபடியும் கட்டாதீர்கள்.

இவ்வளவு ஆசை இருந்தும் எங்கே முட்டுகிறது? பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75 மதிப்பெண், செய்முறைக்கு 25. பல பள்ளிகளில் அந்த 25 மதிப்பெண் ஆய்வகப் பூட்டைத் திறக்காமலேயே பிள்ளைகளுக்குப் போடப்படுகிறது. மதிப்பெண் குறையவில்லையே என்று பெற்றோரும் விட்டுவிடுகிறோம். மதிப்பெண் வந்துவிட்டது, சோதனை மட்டும் நடக்கவில்லை. பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவுக்குப் போய் முதன்முறையாகப் பியூரெட்டைப் பார்த்துக் கை நடுங்கும்போதுதான் நாம் எதை இழந்தோம் என்று புரிகிறது.

ஆய்வகம் திறந்திருக்கும் பள்ளிகளிலும் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. நான்கைந்து பேர் சேர்ந்த குழுவில் சோதனைக்குழாயைப் பிடிப்பது யார்? குறிப்பு எழுதுவது யார்? முடிந்த பிறகு கழுவி வைப்பது, மேசையைத் துடைப்பது யார்? முறைவைத்து எல்லோரும் கழுவினால் அது ஒழுங்கு. தினமும் ஒரே தெருப் பிள்ளைகள் கழுவினால் அதற்கு வேறு பெயர். இதைப் பிள்ளைகள் வீட்டில் சொல்வதில்லை. நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

டாக்கா அருகே ஒரு சிற்றூரில் 1893இல் மளிகைக்கடைக்காரர் மகனாகப் பிறந்தவர் மேகநாத் சாகா. சாதி அடுக்கில் கீழே தள்ளப்பட்ட குடும்பம். ஊரில் மேல்படிப்பு இல்லாததால் வேறோர் ஊரில் ஒரு மருத்துவர் வீட்டில் தங்கிப் படித்தார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவ வேண்டும், மாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. கல்கத்தா கல்லூரி விடுதியில் உடன் உட்கார்ந்து சாப்பிட மறுத்தவர்கள் இருந்தார்கள். அந்த மாணவர்தான் 1920இல், விண்மீன்களின் ஒளியைப் பிரித்துப் பார்த்து அவற்றின் வெப்பநிலையைக் கணிக்க வழிசெய்யும் சமன்பாட்டைத் தந்தார். இன்றும் உலகெங்கும் வானியற்பியல் மாணவர்கள் சாகா சமன்பாடு என்று அதைப் படிக்கிறார்கள். நம் காலனிகளில் எத்தனை சாகாக்கள் பூட்டிய ஆய்வகத்துக்கு வெளியே நிற்கிறார்கள்?

அறிவியல் மனப்பான்மையையும் கேட்டறியும் உணர்வையும் வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று அரசமைப்புச் சட்டத்தின் 51ஏ பிரிவு சொல்கிறது. 1976இல் சேர்க்கப்பட்ட பிரிவு இது. கடமையைக் குடிமக்கள் மேல் வைத்த அரசு, அதைக் கற்க ஆய்வகச் சாவியையும் தரவேண்டும்.

பெற்றோர் செய்யக்கூடியவை இருக்கின்றன. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். கூலி வேலையை அரைநாள் விடுவது கஷ்டம்தான். ஒருவர் மாற்றி ஒருவர் போகலாம். இந்த மாதம் எத்தனை செய்முறை வகுப்பு நடந்தது என்று கேளுங்கள். கருவிகளின் இருப்புப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது; படித்த இளைஞர்கள் மனு எழுதிக் கொடுக்கலாம்.

மாணவர்களே, உங்களுக்கும் ஒன்று. செய்முறை வகுப்பில் பின்வரிசையில் நிற்காதீர்கள். சோதனைக்குழாயை முதலில் கையில் வாங்குங்கள். கழுவும் முறை வரும்போது கழுவுங்கள். அடுத்த முறை யாருக்கு என்றும் கேளுங்கள்.