பனியன் கம்பெனியில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்

திருப்பூரில் பல பனியன் கம்பெனிகளில் செக்கிங் டேபிளுக்குப் பக்கத்துச் சுவரிலோ, மெர்ச்சண்டைசர் மேஜைக் கண்ணாடிக்கு அடியிலோ ஒரு துண்டுச்சீட்டைப் பார்க்கலாம். வைஃபை பாஸ்வேர்டு. முதலாளிக்கும் அதுதான், அக்கவுண்ட்ஸ் பெண்ணுக்கும் அதுதான், ஜாப் ஒர்க் பீஸ் ஏற்ற வந்த டெம்போ டிரைவருக்கும் அதுதான்.

வைஃபை நின்றால் ஆர்டரும் நிற்கும் காலம் இது. ஆடையின் அளவும் விவரமும் அடங்கிய டெக் பேக் மெயிலில் வருகிறது. லைனில் எத்தனை பீஸ் இறங்கியது என்று சூப்பர்வைசர் டேப்லெட்டில் தட்டுகிறார். ஆனால் கனெக்‌ஷன் போடும்போது கேட்கப்படுவது ஒன்றே ஒன்று: பேக்கிங் வரைக்கும் சிக்னல் வருமா?

நியாயமான கேள்விதான். தகரக் கூரையும் இரும்பு ரேக்கும் அலையைத் திருப்பி அடிக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். பக்கத்துக் கம்பெனிக்கும் அதே மூன்று. ஞாயிற்றுக்கிழமை ஹால் காலியாக இருக்கையில் அளந்துவிட்டுப் போனால், ஷிப்மென்ட் நெருக்கத்தில் அட்டைப்பெட்டி கூரை வரை ஏறியதும் கணக்கு மாறிவிடும். இதையெல்லாம் வைஃபை பெட்டிகளை இடம் மாற்றியோ கூட்டியோ சரிசெய்துவிடலாம். யாரை எதுவரை விடுவது என்பது அப்படித் தீராது.

மெர்ச்சண்டைசர் கம்பெனி மாறுவது இங்கே சகஜம். அவரோடு பாஸ்வேர்டும் போகிறது. மாற்ற நினைத்தால் ஸ்கேனர், பிரிண்டர், கேமரா எல்லாவற்றிலும் புதிதாகப் போட வேண்டும். அதனால் அப்படியே விட்டுவிடுகிறார்கள். வேலையை விட்டவர் ரோட்டில் வண்டியை நிறுத்தி, உட்கார்ந்தபடியே உள்ளே வரலாம். ஏற்றுமதியாளர் பெயரில் பையருக்குப் போலி மெயில் போட்டு, வங்கிக் கணக்கு எண்ணை மாற்றிப் பணத்தைத் திருப்பும் மோசடி உலகெங்கும் நடக்கிறது. இன்வாய்ஸ் நம்பரும் தொகையும் சரியாக இருக்கும் மெயிலைத்தான் பையர் நம்புவார். அந்த விவரங்கள் கிடக்கும் ஷேர்டு ஃபோல்டருக்கு எத்தனையோ கம்பெனிகளில் இந்தத் துண்டுச்சீட்டுதான் காவல்.

மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் பிறப்பித்த உத்தரவுப்படி, நிறுவனங்கள் கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஊடுருவல் போன்ற சம்பவம் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குச் சொல்ல வேண்டும். சிறு, நடுத்தர நிறுவனங்களுக்குத் தந்த அவகாசமும் அதே ஆண்டு செப்டம்பர் 25-ல் முடிந்துவிட்டது. எல்லோரும் ஒரே பாஸ்வேர்டில் நுழைந்தால், 180 நாள் பதிவைப் புரட்டினாலும் ஆள் யாரென்று தெரியாது.

வழி இருக்கிறது. 802.1எக்ஸ் முறை வந்தது 2001-லேயே. ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு. ரேடியஸ் சர்வர் என்ற கணினி அதைச் சரிபார்த்து, அக்கவுண்ட்ஸ்காரரை ஒரு நெட்வொர்க்கிலும் லைன் டேப்லெட்டை இன்னொன்றிலும் சேர்க்கும். விருந்தினருக்கு இன்டர்நெட் மட்டும். அந்தச் சர்வர் வேலையைச் செய்யும் ஃப்ரீரேடியஸ் என்ற மென்பொருளுக்குக் காசும் கிடையாது. இருபது மெஷின் ஓட்டுபவருக்கு இது வீண் செலவு என்பார்கள். அவரும் கெஸ்ட் நெட்வொர்க்கையாவது பிரித்து வைக்கலாம்.

தொழிலாளர்கள் தங்கும் ஹாஸ்டலுக்கும் தனி நெட்வொர்க் வேண்டும். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பிள்ளைகள் இரவு வீட்டுக்கு வீடியோ கால் பேசுவதை, பாதுகாப்பைக் காரணம் காட்டித் தடுப்பது அநியாயம்.

ஒருவர் வேலையை விடும் நாளில் ஐடி கார்டைத் திரும்ப வாங்குகிறோம், செட்டில்மென்ட் போடுகிறோம். ஹெச்.ஆர். நிரப்பும் அந்தப் படிவத்தில் வைஃபையில் பெயர் நீக்கியாயிற்றா என்று இன்னொரு கட்டம் வேண்டும். அன்றைய ஷிப்ட் முடிவதற்குள் அதில் டிக் விழ வேண்டும்.