இளஞ்சோளம் மேய்ந்த மாடு ஏன் சாகிறது?

தை மாதம் தட்டு அறுத்துப் போர் போட்ட மேட்டுக்காட்டில், சித்திரையில் ஒரு கோடை மழை விழுந்தால் போதும். பத்துப் பன்னிரண்டு நாளில் சோளக்கட்டைகள் எல்லாம் பசேலென்று துளிர்த்துவிடும். இரண்டு மூன்று மாதமாகக் காய்ந்த தட்டையே தின்று சலித்த மாடு, கயிற்றை அறுத்துக்கொண்டாவது அங்கே ஓடும். அரை மணி நேரம் மேய்ந்திருக்கும். பிறகு தள்ளாடும், வாயில் நுரை தள்ளும், மூச்சு இரைக்கும், விழுந்து காலை உதைத்துக்கொள்ளும். வைத்தியர் வருவதற்குள் கதை முடிந்துவிடும்.

சரவணம்பட்டி, கீரணத்தம், கோவில்பாளையம் பக்கத்து விவசாயிகளுக்கு இது புதுச் செய்தி அல்ல. சத்தியமங்கலம் சாலையில் இருக்கும் சரவணம்பட்டி 2011-ல் கோவை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. சோளக்காடுகள் பலவும் கட்டிடங்களாகிவிட்டன. ஆனாலும் அதற்கு வடக்கே மிஞ்சியிருக்கும் மானாவாரிக் காடுகளில் மாட்டுக்கென்று சோளம் விதைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "ஏனுங்க, அந்த மாடு அப்படி மூச்சு வாங்குச்சு. காத்து உள்ளே போய்ட்டேதான் இருந்துச்சு. அப்புறம் எப்படிங்க மூச்சு முட்டிச் சாகும்?"

நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், வெயிலில் இருக்கும் சக்தி மாட்டின் உடம்புக்குள் எப்படிப் போய்ச் சேருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

பயிர் தன் உணவைத் தானே சமைத்துக்கொள்கிறது. வேர் தண்ணீர் கொடுக்கிறது. இலையிலுள்ள நுண்ணிய துளைகள் வழியாகக் காற்றிலிருந்து கரியமில வாயு வருகிறது. பச்சையம் சூரிய வெளிச்சத்தைப் பிடித்து, இந்த இரண்டையும் சேர்த்துச் சர்க்கரையாக்குகிறது. காட்டின் மேல் விழும் வெயிலில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குகூடப் பயிரில் தங்குவது அரிது. அதிலும் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை பயிர் தன் மூச்சுக்கே செலவழித்துவிடும். ஆம், பயிரும் இரவு பகலாக மூச்சு விடுகிறது.

சோளம் இந்தக் காரியத்தில் கெட்டிக்காரப் பயிர். காற்றிலிருந்து பிடித்த கரியமில வாயுவை முதலில் ஒரு புளிப்புப் பொருளாக மாற்றி, இலையின் உள்ளறைக்குக் கொண்டுபோய் நெருக்கமாகச் சேர்த்துவைத்து, அங்கேதான் சர்க்கரையாக்குகிறது. கரும்பும் மக்காச்சோளமும் கம்பும் இதே ஜாதிதான். இதனால் இலைத் துளைகளை அதிகம் திறந்துவைக்க வேண்டியதில்லை. தண்ணீர் வீணாவது குறைவு. ஒரு கிலோ தட்டு விளைய, நெல்லுக்கு வேண்டிய தண்ணீரில் பாதி அளவே சோளத்துக்குப் போதும். வருஷத்துக்கு 600, 700 மில்லிமீட்டர் மழையே பெய்யும் நம் பகுதியில் சோளம் நிலைத்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அந்தத் தட்டை மாடு தின்கிறது. தட்டின் நாரை மாட்டால் நேராகச் செரிக்க முடியாது. நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் அதன் பெரிய வயிற்றில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் உண்டு. அவை நாரைப் புளிக்க வைத்து, கொழுப்பு அமிலங்களாக மாற்றிக் கொடுக்கின்றன. மாட்டுக்கு வேண்டிய சக்தியில் பெரும்பகுதி இந்த அமிலங்களிலிருந்துதான் வருகிறது. மாடு ஏப்பம் விடும்போது ஒரு சிறு பங்கு மீத்தேன் வாயுவாக வீணாகிறது என்பது வேறு விஷயம்.

இந்தச் சத்து இரத்தத்தில் கலந்து உடம்பிலுள்ள ஒவ்வொரு திசு அறைக்கும் போகிறது. நுரையீரல் வாங்கிய பிராண வாயுவும் அங்கே வந்து சேர்கிறது. அடுப்பு எரிவது அங்கேதான். ஆனால் குபீரென்று எரிவதில்லை, படிப்படியாக எரிகிறது. கிணறு வெட்டும்போது ஆட்கள் வரிசையாக நின்று மண்கூடையைக் கைமாற்றி மேலே அனுப்புவார்கள் அல்லவா? அதுபோலத்தான். ஒவ்வொரு கை மாறும்போதும் கொஞ்சம் சக்தி கிடைக்கிறது. இருதயம் துடிப்பதும், மூளை வேலை செய்வதும், பால் சுரப்பதும் அந்தச் சக்தியால்தான். வரிசையின் கடைசி ஆள் இரும்பும் செம்பும் கலந்த ஒரு நொதி. வருவதை வாங்கிப் பிராண வாயுவிடம் ஒப்படைப்பது அதன் வேலை. உயிரணுக்களின் மூச்சை நடத்தும் இந்த நொதியை ஆராய்ந்ததற்காகத்தான் ஜெர்மனியின் ஓட்டோ வார்பர்க் 1931-ல் நோபல் பரிசு பெற்றார்.

இளஞ்சோளத்தின் விஷம் இந்தக் கடைசி ஆளின் கையைக் கட்டிவிடுகிறது.

விஷத்தின் பெயர் ஹைட்ரோசயனிக் அமிலம். அது பயிரில் விஷமாகவே இருப்பதில்லை. துரின் என்ற பொருளாகக் கட்டுண்டு கிடக்கிறது. மாடு மென்று இலை நசுங்கியதும், வயிற்றின் நுண்ணுயிர்களும் கைகொடுக்க, கட்டு அவிழ்ந்து விஷம் வெளிப்படுகிறது. 1902-ல் டன்ஸ்டன், ஹென்றி என்ற இரு வேதியியலார் இளஞ்சோளத்திலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். சோளத்துக்கு அரபு மொழியில் 'துர்ரா' என்று பெயர். அதிலிருந்துதான் துரின் என்ற பெயர் வந்தது. குருத்தாக இருக்கும்போது தன்னைக் கடிப்பவரிடமிருந்து காத்துக்கொள்ளச் சோளம் வைத்திருக்கும் ஆயுதம் இது. வளர வளரக் குறைந்துவிடும்.

கடைசி ஆளின் கை கட்டப்பட்டால் வரிசை முழுவதும் கூடையோடு நின்றுவிடும் அல்லவா? திசு அறைக்குள் சக்தி நின்றுபோகிறது. சேமிப்பு என்று அங்கே ஒன்றும் பெரிதாகக் கிடையாது. மூளையும் இருதயமும் முதலில் தோற்றுப்போகின்றன. பெரியவரின் கேள்விக்குப் பதில் இதுதான்: காற்று உள்ளே போகிறது, இரத்தமும் பிராண வாயுவைச் சுமந்து வருகிறது, ஆனால் வாங்குவதற்கு ஆள் இல்லை. அதனால்தான் அந்த மாட்டின் ஈறும் கண்ணின் உள்இமையும் செக்கச் செவேல் என்று இருக்கும். மற்ற மூச்சுத்திணறலில் நீலம் பாய்வதுபோல் இதில் ஆரம்பத்தில் பாய்வதில்லை.

எவ்வளவு தின்றால் ஆபத்து? உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் விஷம் உயிரைப் போக்கப் போதும். 300 கிலோ மாட்டுக்கு 600 மில்லிகிராம். துளிரின் உலர் எடையில் கிலோவுக்கு 1,000 மில்லிகிராம் இருந்தால், மூன்று நான்கு கிலோ பச்சைத் துளிரே அந்த அளவைக் கொடுத்துவிடும். பசித்த மாட்டுக்கு அது எம்மாத்திரம்! மெதுவாகத் தின்றால் ஈரல் கந்தகத்தைச் சேர்த்து விஷத்தை மாற்றி வெளியேற்றிவிடும். அவசரமாகத் தின்பதுதான் கொல்கிறது. ஆகவே பசியோடு இருக்கும் மாட்டை எக்காரணம் கொண்டும் சோளக்காட்டில் அவிழ்த்துவிடக் கூடாது. காய்ந்த தட்டோ வைக்கோலோ வயிறு நிறையப் போட்ட பிறகே பச்சையைக் காட்ட வேண்டும்.

கட்டைத் துளிர், 45 நாளைக்கு உட்பட்ட பயிர், வறட்சியில் குன்றிய பயிர், வறட்சிக்குப்பின் மழை கண்டு தழைத்த பயிர், யூரியா அதிகம் போட்ட பயிர் ஆகிய யாவும் சந்தேகத்துக்குரியவை. பூக்கும் பருவத்தில் அறுப்பதே நல்லது. பல முறை அறுக்கும் கோ.எப்.எஸ். 29 தீவனச் சோளத்துக்கு விதைத்த 65 நாளில் முதல் அறுப்பு, பிறகு 50 நாளுக்கு ஒரு அறுப்பு என்பது சிபாரிசு. அவசரப்பட்டு முந்தி அறுப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அறுத்து வெயிலில் நன்றாகக் காயவைத்தால் விஷம் பெரும்பாலும் நீங்கிவிடும். நம் முன்னோர் தட்டைக் காயவைத்துப் போர் போட்டது இந்த வகையிலும் நல்லதாயிற்று. ஆனால் அரைகுறையாக வாடிய இளம்பயிரை நம்பக் கூடாது. அது பச்சையைப் போலவே ஆபத்தானது. துண்டு துண்டாக நறுக்கிப் போட்டால் விஷம் போய்விடும் என்று சிலர் சொல்வதையும் நம்ப வேண்டாம்.

மாடு விழுந்துவிட்டால் மோர், கரைசல் என்று வாயில் ஊற்ற வேண்டாம்; தள்ளாடும் மாட்டுக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். உடனே காட்டை விட்டு அகற்றி, கால்நடை மருத்துவருக்கோ 1962 எண்ணுக்கோ சொல்லுங்கள். சோடியம் நைட்ரைட், சோடியம் தயோசல்பேட் என்ற இரண்டு மருந்துகளை இரத்தக்குழாயில் ஏற்றுவார்கள். முதல் மருந்து இரத்தத்தின் இரும்பை மாற்றி, விஷத்தைத் தன் பக்கம் இழுத்துக் கடைசி ஆளின் கையை அவிழ்க்கிறது. இரண்டாவது மருந்து, ஈரலுக்குக் குறைவாக இருக்கும் கந்தகத்தைக் கொடுக்கிறது. சோளம் மேய்ந்தது, எவ்வளவு நேரத்துக்கு முன் என்ற இரண்டையும் போனிலேயே சொல்லிவிட்டால், மருத்துவர் மருந்தோடு கிளம்ப வசதியாக இருக்கும்.

மரவள்ளி இலையும் தோலும் இதே விஷத்தைத் தருபவை. மரவள்ளிக் காட்டை ஒட்டி ஆடு மேய்ப்பவர்கள் கவனிக்க வேண்டும். கம்பில் இந்த விஷம் இல்லை. சோளத் துளிர் முற்றும் வரை பச்சைத் தீவனத்துக்கு வழி தேடுபவர்கள், கோடை மழை ஈரத்தில் ஒரு மூலையில் தீவனக் கம்பு விதைத்துக்கொள்ளலாம்.