தேசவழமையில் அடிமையும் நிலமும்

யாழ்ப்பாணத்துச் சமூகப் படிநிலை பற்றி எழுதப்பட்டவற்றுட் பல, தீட்டு, ஆசாரம், ஆலயப் பிரவேசம் என்பவற்றோடு நின்றுவிடுகின்றன. இவை முக்கியமற்றவை என்பது எமது வாதமன்று. எனினும் தீட்டு யாருடைய நிலத்தில், யாருடைய கிணற்றடியில் அனுட்டிக்கப்பட்டது என்ற வினா எழாதவிடத்துச் சாதி வெறும் மனப்பான்மையாகவே தோன்றும்.

ஒல்லாந்த ஆளுநர் சைமன்சின் பணிப்பின்பேரில், யாழ்ப்பாணத்துத் திசாவையாகவிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை 1707 இல் சட்டமாயிற்று. அதன் தமிழாக்கத்தைச் சரிபார்த்தோர் பன்னிரு முதலியார்கள். அதாவது, வழமை எதுவெனச் சொல்லும் அதிகாரம் உடைமை வர்க்கத்தவரிடமே இருந்தது. அடிமையிடம் எவரும் வினவவில்லை. அத்தொகுப்பில் அடிமை, காணியைப் போலவே சீதனமாகக் கொடுக்கப்படத்தக்க உடைமை. பிள்ளைகள் தாயின் உடையவருக்கே உரியர். அடிமைகளும் ஒரு தரத்தினரல்லர். கோவியர் வீட்டினுட் புழங்கினர். பள்ளரும் நளவரும் தோட்டத்திலும் பனையிலும் உழைத்தனர். ஒடுக்கப்பட்டோரிடையேயும் படிகள் இருந்தமை ஒடுக்குவோருக்கு வாய்ப்பாயிற்று.

பிரித்தானியர் 1806 இல் தேசவழமையை உறுதிப்படுத்தினர். 1821 இல் இம்மூன்று சாதியினரிடையே பிறக்கும் பெண் குழந்தைகளை அரசு விலைகொடுத்து விடுவிக்க ஏற்பாடு செய்யப்பட்டது. அடிமைத்தனம் தாய்வழியே இறங்கியமையால், தாயை விடுவித்தால் மரபு அறும் என்பது கணக்கு. (குழந்தைக்கு விலை வைத்தே அதற்கு விடுதலை வழங்கிய தாராண்மைவாதம் இது.) 1844 இன் கட்டளைச் சட்டம் அடிமைமுறையை முற்றாக நீக்கிற்று. விடுபட்டோருக்கு ஒரு பரப்புக் காணியேனும் வழங்கப்படவில்லை.

இந்நிலை யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதன்று. வைக்கிங் காலத்து வட ஐரோப்பியச் சமூகம் யார்ல் எனும் உயர்குடித் தலைவன், கார்ல் எனும் சுதந்திரக் குடியானவன், திரெல் எனும் அடிமை என அடுக்கப்பட்டிருந்தது. மூவகையினரும் ஒரு தெய்வம் மூன்று வீடுகளிற் தங்கியதாற் பிறந்தவர் என்கிறது ரீக்ஸ்தூலா என்னும் பழைய நோர்ஸ் பாடல். அப்பாடலில் வயலுக்கு எரு இடுவதும் ஆடு மேய்ப்பதும் திரெலின் வேலை. யார்லுக்கு வில்லும் குதிரையும். புருட சூக்தத்தை அறிந்த எமக்கு இக்கற்பிதம் புதிதன்று. தொழிற் பிரிவினை தெய்வப் பிறப்பாக மாற்றப்படுவதை இரு பாடல்களிலும் காண்கிறோம்.

ஆயினும் நாம் ஒப்பிட விழைவது புராணத்தையன்று, காணிச் சட்டத்தையே. நோர்வேயின் பழைய குலாத்திங் சட்டத்தின்படி விடுவிக்கப்பட்ட திரெல், விடுவித்த எசமானுக்குக் கடப்பாடுடையவனாகவே இருந்தான். அக்கடப்பாடு அவன் பிள்ளைகளையும் தொடர்ந்தது. அதே சட்டத்தில் ஓடால் என்னும் உரிமையும் உண்டு: மூதாதையர் நிலம் பிறர் கைக்குச் செல்லுமிடத்து உறவினர் அதனை மீளப் பெறலாம். மூதாதையர் நிலமே இல்லாதவனுக்கு இவ்வுரிமையால் யாது பயன்?

தேசவழமையிலும் இதற்கு நிகரான ஏற்பாடு உண்டு. காணி விற்க முற்படுபவர் முதலில் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் அறிவித்தல் வேண்டும். அவர்களுக்கே முன்வாங்கும் உரிமை. 1947 இல் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. அடிமை பற்றிய பிரிவு 1844 இல் இறந்தது. காணி பற்றிய பிரிவு இன்றும் வாழ்கிறது. சாதி வரம்புக்குள் மணம்புரியும் சமூகத்தில், உறவினருக்கு முன்னுரிமை என்பது நடைமுறையிற் சாதிக்கு முன்னுரிமையே. இவ்விணைப்பு போதிய அளவு ஆராயப்படவில்லை என்பது எமது கருத்து.

உரும்பிராய் போன்ற வலிகாமத்துச் செம்மண் ஊர்களில் இது கூர்மையாகப் புலப்படும். இங்கு ஆறில்லை, பயிர் கிணற்றை நம்பியது. ஆகவே காணி உறுதியில் நிலத்துடன் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் சேர்த்தே எழுதப்படும். புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் துலா மிதித்தோருட் பலருக்கு அக்கிணற்றிற் பங்கில்லை. தாமே நீர் அள்ளவும் உரிமையில்லை, பிறர் ஊற்றும்வரை காத்திருந்தனர். 1957 இன் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டமும், 1966 ஒக்டோபர் 21 இற் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற ஊர்வலமும், 1968 இன் மாவிட்டபுரப் போராட்டமும் தேநீர்க்கடைகளையும் கோயில்களையும் திறக்க வழிசெய்தன. இதற்கிடையில் நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவி, துலா மிதித்தோரின் கூலியும் அற்றது. கிணற்றுப் பங்கோ உறுதியில் எழுதப்பட்டவாறே சீதனமாகவும் முதுசமாகவும் இறங்கிக்கொண்டிருந்தது.